ஆரியங்கோடு: வாசலில் ஐம்பது ரூபாய்

துணி காயப்போடும் கொடியில் பால் கவர்கள் தொங்குகின்றன. மாமியின் முண்டுக்கும் பேரனின் பள்ளிச் சட்டைக்கும் நடுவே வரிசையாக ஏழு. ஒவ்வொன்றையும் கழுவி, உதறி, கிளிப் மாட்டி வைத்திருக்கிறார். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் ஆரியங்கோட்டுக்குச் சிறு வயதிலிருந்தே வந்துபோகிறேன். இந்த முற்றத்தில் ரப்பர் ஷீட் காய்வதைப் பார்த்திருக்கிறேன். நல்லமிளகு காய்வதைப் பார்த்திருக்கிறேன். குப்பை காய்வதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

‘நாளைக்கு அந்தப் பிள்ளை வருவா. ஈரமா இருந்தா எடுக்கமாட்டா’ என்கிறார் மாமி. குரலில் கொஞ்சம் சலிப்பு. ஆனால் வரப்போகும் உறவுக்காரருக்கு வீட்டை ஒழுங்கு செய்வதுபோல ஒரு அவசரமும் இருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து இங்கே வர இரண்டு வழி. நெடுஞ்சாலையில் குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை என்று வந்து மாராயமுட்டம் பக்கமாக உள்ளே திரும்பலாம். அல்லது பனச்சமூடு, வெள்ளறடை என்று மலையோரமாகச் சுற்றி வரலாம். எந்த வழியில் வந்தாலும் மாநிலம் மாறிவிட்டது என்பதைப் பெயர்ப்பலகையின் எழுத்துதான் சொல்ல வேண்டும். மண் மாறுவதில்லை. அதே செம்மண் மேடு, அதே ரப்பர், அதே மரச்சீனி, அதே வாழை. ஊர்ப் பெயர்கள்கூட ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போலத்தான்: இந்தப் பக்கம் விளவங்கோடு என்றால் அந்தப் பக்கம் ஆரியங்கோடு.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்களான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு சேர்ந்தபோது, கூடவே கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு நிலத்தில் விழுந்தது, கல்யாணங்களில் விழவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே வாழப் போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் இங்கே வந்தார்கள். மாமி அப்படிப் போனவர்தான். அவருடைய ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கிறது. கோபம் வந்தால் பேச்சு தமிழில் இருக்கிறது.

குப்பையைப் பொறுத்தவரை எல்லைக்கு இரண்டு பக்கமும் நெடுங்காலம் ஒரே வழக்கம்தான். இங்கே வீடுகள் தெருவாக அடைந்து நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள் தனியே நிற்கிறது. அதனால் ஊருக்குப் பொதுவான குப்பைமேடு என்று ஒன்று இருந்ததில்லை. மீன் கழுவிய தண்ணீர், மரச்சீனித் தோல், சாம்பல், காய்ந்த ஓலை எல்லாம் தென்னை மூட்டுக்குப் போகும். தென்னை தின்றுவிட்டுத் தேங்காயாகத் திருப்பித் தரும். அந்தக் கணக்கில் மிச்சம் விழாது.

பிளாஸ்டிக் வந்ததும் கணக்கு பிசகியது. தென்னை தின்னாத பொருள் ஒன்று முதன்முறையாக வீட்டுக்குள் நுழைந்தது. அதற்கென்று வழக்கம் எதுவும் இல்லாததால் மக்கள் தெரிந்ததைச் செய்தார்கள். தென்னை மூட்டில் போட்டுத் தீ வைத்தார்கள். தீ வைக்கப் பயந்தவர்கள் பையில் கட்டி, ஆள் இல்லாத ரப்பர் தோட்டத்திலோ, பாலத்தின் கீழோ, கால்வாயிலோ எறிந்தார்கள். சாயங்காலத்தில் விளைகளிலிருந்து எழும் அந்தக் கறுத்த புகையின் நாற்றம் களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் ‘பிள்ளை’ வந்துவிட்டார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு, கையில் உறை, தோளில் ஒரு பெரிய சாக்கு, கழுத்தில் செல்போன். ‘அம்மச்சி’ என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார். மாமி காய்ந்த கவர்களையும், எண்ணெய்ப் பாக்கெட்டுகளையும், மாத்திரை அட்டைகளையும் தனித்தனியாகக் கொண்டுவந்து தருகிறார். அந்தப் பெண் ஒரு கவரை விரலால் தடவிப் பார்க்கிறார். ஈரம் இல்லை. சாக்குக்குள் போகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் சதுரக் குறியீட்டைப் போனில் படம் பிடிக்கிறார். வந்ததும் பொருள் எடுத்ததும் பதிவாகிவிட்டது. பிறகு ரூ. 50.

அங்கேதான் மாமி நின்றார். ‘போன மாசம் நான் மகள் வீட்டுல இருந்தேன். ஒரு கவரும் தரலை. அதுக்கும் அம்பது ரூவாயா, மோளே?’

கேள்வி நியாயமானது. கேரளம் முழுக்கப் பல லட்சம் வாசல்களில் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான்.

பச்சைக் கோட்டுப் பெண்களின் அமைப்புக்கு ஹரித கர்ம சேனை என்று பெயர். 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் கீழ், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்களிலிருந்து ஆட்களைத் திரட்டி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இது அமைக்கப்பட்டது. சாதாரணமாக ஒரு வார்டுக்கு இரண்டு பேர். மாநிலம் முழுவதும் 35 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. வாசலில் கிடைக்கும் கட்டணமும், பிரித்து விற்ற பொருளின் விலையும் சேர்ந்ததுதான் வருமானம். குறைந்தபட்சக் கட்டணமாகக் கிராம ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் ரூ. 50, நகரங்களில் ரூ. 70, கடைகளுக்கு ரூ. 100 என்று வைக்கப்பட்டது. மிக வறிய குடும்பங்கள் என்று உள்ளாட்சி கண்டறிந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வருமானம் போதாத இடங்களில் ஊராட்சி ஓரளவு ஈடு செய்கிறது. இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். வாசல் கொடுக்காவிட்டால் சாக்கு சுமந்தவருக்குக் கூலி குறையும்.

சேனை எடுப்பது உலர்ந்த, மக்காத பொருள்களை மட்டுமே. சமையல் கழிவை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான தொட்டிகளையும் உரக்குழாய்களையும் உள்ளாட்சிகள் மானியத்தில் தருகின்றன. மாமிக்கு அது தேவைப்படவில்லை. தென்னை இருக்கிறது. பிளாஸ்டிக் மாதாமாதம், கண்ணாடிப் புட்டி, பழைய செருப்பு, கிழிந்த துணி, கெட்டுப்போன பல்பு இவற்றுக்கெல்லாம் தனித்தனி மாதம் குறித்த நாட்காட்டி இருக்கிறது.

சாக்கு முதலில் வார்டில் இருக்கும் சிறு கூண்டுக்கும், அங்கிருந்து ஊராட்சியின் சேகரிப்பு மையத்துக்கும் போகிறது. பெண்கள் அங்கே உட்கார்ந்து வகை பிரிக்கிறார்கள். நல்ல பிளாஸ்டிக் மாநில அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்கோ, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கோ விலைக்குப் போகிறது. சிலவகை பொடியாக்கப்பட்டுச் சாலைத் தாரில் கலக்கிறது. அந்த முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். எதற்கும் உதவாதது சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. கழுவி உலர்த்திய கவருக்கு விலை உண்டு. மீன் ரத்தம் ஒட்டிய கவர் வெறும் சுமை. மாமியின் கொடியில் கவர் காய்வதற்கு இதுதான் காரணம்.

இந்த ஏற்பாடு ஏதோ ஒரு அதிகாரி கண்ட கனவில் பிறக்கவில்லை. சண்டையில் பிறந்தது. ஆரியங்கோட்டுக்கு வடக்கே அதிக தூரமில்லாத விளப்பில்சாலையில், தலைநகரத்தின் குப்பைக்காக 2000-ல் ஓர் ஆலை திறக்கப்பட்டது. உரம் தயாரிப்பதாகச் சொன்ன இடத்தில் குப்பை மலையானது, ஓடைநீர் கெட்டது. 2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி அந்த ஆலையைப் பூட்டியது. 2012-ல் போலீஸ் துணையோடு திறக்க வந்தபோது ஊரே சாலையில் திரண்டு மறித்தது. ஒரு கிராம ஊராட்சி ஒரு மாநகராட்சியின் குப்பைக்குக் கதவடைத்த கதை அது. வேறு ஊர்க் கதவும் திறக்கவில்லை. குப்பையைத் தூக்கிப்போட இனி ‘வேறிடம்’ என்று ஒன்று கிடையாது என்பது திருவனந்தபுரத்துக்கு அப்போது புரிந்தது. அதே ஆண்டுகளில் ஆலப்புழையும் இதே பாடத்தைப் படித்தது. குப்பை பிறந்த வீட்டிலேயே பிரிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை அங்கிருந்து வேர் பிடித்தது.

பாடத்தை எல்லோரும் படித்துவிடவில்லை. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ, பத்து நாட்களுக்கு மேல் நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. அதுவரை கட்டணம் கட்டாயமா, இல்லையா என்று வாட்ஸ்அப்பில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. பச்சைக் கோட்டைக் கண்டதும் கதவைச் சாத்துவதும், நாயை அவிழ்த்துவிடுவதும்கூட நடந்தது. ஊராட்சிச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி இப்போது பாக்கிக் கட்டணத்தை அபராதத்தோடு, கட்டட வரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். 2025 மார்ச் 30 அன்று கேரள அரசு மாநிலத்தைக் குப்பையற்றதாக அறிவித்தது. அறிவிப்பு அறிவிப்புதான். ஆனால் சாலையோரங்கள் ஐந்து வருடத்துக்கு முன் இருந்ததுபோல் இல்லை என்பதை வந்துபோகிற என் கண்ணே சொல்கிறது.

சேனைப் பெண்களைப் பற்றிய ஒரு கதையை மாமி வீட்டிலும் சொன்னார்கள். கேரளமே சொன்ன கதை. 2023 ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியின் 11 பெண்கள் சேர்ந்து ஒரு மழைக்கால பம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். விலை ரூ. 250. தனியாக வாங்க முடியாததால் பங்கு போட்டார்கள். அதிலும் இரண்டு பேர் ஒரே பங்கைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விழுந்தது முதல் பரிசு, 10 கோடி. பரிசு கிடைத்த பிறகும் அவர்கள் வேலையை விடவில்லை என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கு நிற்பது அந்தப் பாதிப் பங்கு. ஒரு வாசலின் ஐம்பது ரூபாய் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆரியங்கோட்டிலிருந்து திரும்பும்போது மாராயமுட்டம் வழியாக வந்தேன். இந்த ஊரின் பெயரை 2024 ஜூலையில் நாடு முழுவதும் கேட்டது. திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கமாக ஓடும் ஆமயிழஞ்சான் ஓடையில், அடைத்துக் கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளர்களில் ஒருவர் இந்தப் பகுதிக்காரர். ஜூலை 13 அன்று மழை பிடித்தது. ஓடையில் வெள்ளம் ஏறியது. அவர் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் தேடினார்கள். தண்ணீருக்குள் போனவர்களைத் தடுத்தது தண்ணீர் அல்ல. மனிதன் ஏறி நிற்கும் அளவுக்கு இறுகிக் கிடந்த பிளாஸ்டிக். மூன்றாம் நாள், சுரங்கத்துக்கு வெளியே வேறொரு இடத்தில் உடல் மிதந்தது.

ஒரு நகரத்தின் பால் கவரும் தண்ணீர்ப் புட்டியும் எங்கே போகின்றன என்று யாரும் கேட்காமல் இருந்தால் அவை எங்காவது ஓரிடத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டும். பிறகு அதை அள்ள ஒரு ஆள் இறங்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் இதுபோன்ற ஊரிலிருந்துதான் வருகிறார். மாமி கொடுக்கும் ஐம்பது ரூபாயின் எதிர்ப்பக்கத்தில் இருப்பது இந்தக் கணக்கு.

அதன் இன்னொரு பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. கேரளத்தில் விலையோ சட்டமோ இறுகும்போது, வாசலில் பிடிபடாத குப்பை லாரி ஏறித் தெற்கே வருகிறது. கோழிக்கடைக் கழிவு, ஓட்டல் கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு என்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் பிடிபடும் வண்டிகளைப் பற்றிய செய்தி குமரி மாவட்டத்தில் புதிதல்ல. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கங்களில் கொட்டப்பட்டுக் கிடந்தது திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். அடுத்த ஆண்டு, மருத்துவக் கழிவு கொட்டுவோர் மீது குண்டர் சட்டம் பாய வழி செய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றியது.

விளவங்கோட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கசப்பு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் வந்துகொண்டிருந்த பாசன நீர் 2004-லிருந்து வரவில்லை. தண்ணீர் நின்றது, குப்பை நிற்கவில்லை என்று அவர்கள் சொல்வதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கோபத்தோடு ஒரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக் குப்பையை வாசலில் கணக்கு வைத்து எடுக்கும் ஏற்பாட்டில் இன்று நாங்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறோம். எங்கள் ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடையும் இருக்கிறது. மஞ்சப்பை இயக்கம் இருக்கிறது. குப்பைக்கென்று வாசலில் கட்டணம் கேட்பது மட்டும் அரசியல்வாதிகளுக்குக் கசக்கிறது. சென்னை மாநகராட்சி 2021 ஜனவரியிலிருந்து அப்படி ஒரு கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் அவ்வப்போது பற்றும் தீ எந்தக் கேரள லாரியும் கொண்டுவந்தது அல்ல.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். கொடுக்காத குப்பைக்கு எதற்குக் கட்டணம்?

உலகத்தில் வேறு சில ஊர்கள் இந்தக் கேள்விக்கு மாமிக்குப் பிடித்த பதிலையே கொடுத்திருக்கின்றன. தென் கொரியாவில் 1995-லிருந்து குப்பையை அதற்கென்று விற்கப்படும் பையில்தான் போட வேண்டும். பையின் விலைதான் கட்டணம். குறைத்துப் போட்டால் குறைவாகச் செலவாகும். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்திலும் 1990-களிலிருந்து இதே வழக்கம். அளவுக்கு ஏற்ற விலை என்பது கேட்கவே நியாயமாக இருக்கிறது. குப்பை குறைவதற்கும் அது உதவுகிறது என்று அந்த ஊர்களின் அனுபவம் சொல்கிறது.

அதை ஆரியங்கோட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். நடந்தால் நெய்யாறு. வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேறு மாநிலம். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வைத்த மறுநாளே கிலோ குறையும், குப்பை குறையாது. ஒவ்வொரு கவரையும் வாசலில் கொடுப்பதற்குப் பதில் இருட்டில் எறிந்தால் லாபம் என்று ஆகிவிடும். எல்லையில் லாரிக்காரர்கள் செய்வது அந்த லாபக் கணக்குதான். மாதம் தவறாமல் ஒரே தொகை என்பதில் அநியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அநியாயத்துக்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. காசு எப்படியும் கொடுத்தாகிவிட்டது. இனி ஒரு கவரை ஒளிப்பதால் மிச்சம் ஒன்றும் இல்லை. இருப்பதையெல்லாம் கொடுத்துவிடத்தான் மனசு வரும்.

அந்த ஐம்பது ரூபாய் குப்பையின் விலை அல்ல. அந்தப் பெண் மாதாமாதம் வருவதற்கான கூலி. மாமி மகள் வீட்டில் இருந்த மாதமும் அவர் மேடு ஏறி வந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியிருப்பார். தபால்காரர் கடிதம் இல்லாத வீட்டுக்கு வருவதில்லை. இவர் வந்தே ஆக வேண்டும். ஒரு மாதம் வராவிட்டால் கொடியில் கவர் காயாது. இரண்டு மாதம் வராவிட்டால் தென்னை மூட்டில் புகை எழும்.

ஆனால் இதனால் குப்பை குறைகிறதா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எறிவது குறைகிறது. எரிப்பது குறைகிறது. வாங்குவது குறைகிறதா என்றால், அதற்கு இந்தக் கட்டணம் பதில் சொல்வதில்லை. கொடியில் ஏழு கவர் தொங்கினாலும் எழுபது தொங்கினாலும் ஐம்பது ரூபாய்தான். கழுவி உலர்த்தும் வேலை மட்டும் ஏழுக்குப் பதில் எழுபதாகும். அந்தச் சள்ளையே சிலரைத் துணிப்பை பக்கம் தள்ளுகிறது என்று மாமியைப் பார்த்தால் தோன்றுகிறது. சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போது அவர் சட்டி எடுத்துப் போகிறார். காரணம் கேட்டால் சுற்றுச்சூழல் என்று சொல்லமாட்டார். ‘மீன் கவரைக் கழுவ யாரால முடியும்?’ என்பார்.

குறைப்பதற்கு வேறு கைப்பிடிகள் வேண்டும். அவற்றில் ஒன்றைக் கேரளம் பரிசாக வைத்திருக்கிறது. சமையல் கழிவை வீட்டிலேயே உரமாக்குபவர்களுக்குக் கட்டட வரியில் 5 சதவீதம் தள்ளுபடி என்று 2025-ல் அறிவித்தது. இன்னொன்று தமிழகத்திலிருந்து போனது. உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு புட்டிக்கு ரூ. 10 கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழித்த புட்டிகள் கடைக்குத் திரும்பின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. 2025 செப்டம்பரில் கேரள அரசு மதுக்கடைகள் பிளாஸ்டிக் புட்டிக்கு ரூ. 20 முன்பணம் வாங்கும் முறையைத் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டக் கடைகள் சிலவற்றில் முன்னோட்டமாகத் தொடங்கின.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. புட்டிக்குத் திரும்பி வரும் பணம். சமையல் கழிவுக்கு வரித் தள்ளுபடி. மிச்சத்துக்கு, வந்து வாங்கும் ஒரு ஆள். அந்த ஆளுக்கு மாதக் கூலி. எந்தப் பொருளுக்கு எந்தக் காசு என்று பிரித்துத் தெரிந்துகொள்வதுதான் சாமர்த்தியம். இதில் ஒரு மாநிலம் இன்னொன்றுக்குக் கற்றுக்கொடுக்க வெட்கப்பட ஒன்றுமில்லை. குப்பை எல்லை தாண்டும்போது நல்ல யோசனையும் தாண்டலாம்.

மாமி கடைசியில் இரண்டு மாதப் பணத்தையும் கொடுத்தார். நூறு ரூபாய். முணுமுணுத்துக்கொண்டேதான். அந்தப் பெண் ரசீதைப் பதிந்துவிட்டு, சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த மேட்டைப் பார்த்து நடந்தார். ‘நில்லு மோளே’ என்று கூப்பிட்டு மாமி ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தார், உப்பும் ஒரு சின்ன உள்ளியும் போட்டு. கட்டணத்தில் சேராத வரவு அது.

இருட்டும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தேன். குழித்துறைக்கு இந்தப் பக்கம் எங்கள் விளையிலும் தென்னை இருக்கிறது. அதன் மூட்டில் ஒரு சின்னத் தீ எரிந்துகொண்டிருந்தது. பால் கவர், பிஸ்கட் தாள், எண்ணெய்ப் பாக்கெட். அம்மா ஓலையால் கிளறிக்கொண்டிருந்தார். மாமி வீட்டுக் கொடியைப் பற்றிச் சொன்னேன். கவரைக் கழுவிக் காயவைக்கிறார் என்றதும் சிரித்தார். மாதம் ஐம்பது ரூபாய் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார்.

‘அம்பது ரூவா கொடுக்கலாம், மக்களே. அதுல ஒண்ணும் இல்ல. வாங்கிட்டுப் போக இங்க ஆரு வருவா?’